பெரியப்பாவின் படகுக் கூலி

என் பெரியப்பா சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை. செத்த பிறகு அவருக்கு என்ன நடக்க வேண்டும் என்பதில்தான் எனக்கு அக்கறை இருந்தது.

அப்பா யாங்கோனில் அலோன் பகுதிக் கிடங்கு ஒன்றில் மேஸ்திரியாக இருந்தார். அமே பர்மாக்காரி. அம்மாவைப் பர்மிய மொழியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். அவளைக் கட்டிக்கொண்டதற்காக அப்பாவின் அண்ணன் எங்கள் பசுந்தாங் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. கோயில் கமிட்டியில் பெரிய தலை அவர். அப்பா இறந்த அன்றுதான் முதல் தடவையாக வந்தார். நாலாவது மாடிக்கு ஏறிய மூச்சு அடங்குவதற்குள் அதிகாரம் பண்ண ஆரம்பித்துவிட்டார்.

அமே அதற்கு முன்பே அப்பாவின் வாயில் ஒரு காசு வைத்திருந்தாள். சிங்கம் போட்ட பழைய காசு. பர்மாக்காரர்கள் அதைக் கடோகா என்பார்கள். இறந்தவர் ஆற்றைக் கடக்கப் படகுக்காரனுக்குக் கொடுக்கும் கூலி அது.

"என்ன இது? இது நம்ம வழக்கமில்ல" என்றார் பெரியப்பா.

"அது வேணும். அவரு ஆத்தக் கடக்கணும்" என்றாள் அமே. அவளுக்குத் தெரிந்த தமிழில் பாதியை அன்றைக்கே அழுது தீர்த்திருந்தாள்.

பெரியப்பா குனிந்து, இரண்டு விரலை என் அப்பாவின் வாய்க்குள் விட்டு, காசை எடுத்துத் தரையில் போட்டார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளி ரூபாயை எடுத்து அப்பாவின் நெற்றியில் வைத்தார். எங்கள் தெருவில் எந்தத் தமிழர் செத்தாலும் நெற்றிக்கு அவருடைய அந்த ரூபாய்தான் வரும். சிதை மூட்டுவதற்கு முன்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்பாவிடமிருந்தும் எடுத்துக்கொண்டதாகச் சுடுகாட்டுக்குப் போனவர்கள் வந்து சொன்னார்கள். ஆக, என் அப்பா இரண்டு காசும் இல்லாமல் போனார். தரையில் கிடந்த காசை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும்.

கல்லூரியில் படிக்கும்போது சூலே பகோடாவுக்குப் பக்கத்து நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் வாங்கினேன். கிரேக்கர்களின் தெய்வக் கதைகள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்கவில்லை, மலிவாக இருந்தது, வாங்கினேன். முதல் கதையே மூன்று அண்ணன் தம்பிகள் உலகத்தைப் பாகம் பிரிக்கிற கதை. ஒருவனுக்கு வானம், ஒருவனுக்குக் கடல். ஹேடிஸ் என்பவனுக்குச் செத்தவர்களின் பாதாளம். எங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்தப் பாகம் வந்தது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பாதாளத்துக்குப் போகும் வழியில் ஒரு ஆறு. அதில் ஒரு கிழட்டுப் படகுக்காரன். அவனுக்குக் கொடுக்கப் பிணத்தின் வாயில் ஒரு காசு வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடோகா! எங்கேயோ கடல்களுக்கு அப்பால் இருந்தவர்களும் அமே வைத்ததையேதான் வைத்திருக்கிறார்கள். அடுத்த வரி இன்னும் மோசம். காசு இல்லாதவரைப் படகில் ஏற்ற மாட்டான், நூறு வருஷம் அந்தக் கரையிலேயே அலைய வேண்டும்.

அன்றிலிருந்து எனக்கு அந்தக் கரை கண்ணை மூடினால் தெரியும். பசுந்தாங் கால்வாய்ப் படித்துறை போலத்தான் இருக்கும், சேறும் வாழைப்பட்டையும் மிதக்கும் தண்ணீரும். சம்பான் படகுகள் ஒவ்வொன்றாக ஆளை ஏற்றிக்கொண்டு போகும். அப்பா லுங்கியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்பார். உயிரோடு இருந்தபோதே யாரிடமும் எதையும் கேட்கத் தெரியாதவர்.

அந்தப் புத்தகத்தில் வீரர்கள் பக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. ஹெராக்ளிஸ் பாதாளத்துக்குப் போய் மூன்று தலை நாயை இழுத்துக்கொண்டு வந்தானாம். போனவன் நாலு நல்லவர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம், நாயையா கொண்டு வருவான்? எனக்குப் பிடித்தது தண்டனைப் பக்கம்தான். கழுத்தளவு தண்ணீரில் நின்றும் குடிக்க முடியாத டான்டலஸ். மலைமேல் உருட்டி ஏற்றிய கல் மறுபடி கீழே வந்துவிடும் சிசிபஸ். படகு அக்கரை சேர்ந்ததும் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து விசாரித்துத்தான் இதையெல்லாம் கொடுப்பார்களாம். பிறகு நான் கியாக்டடாவில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் பஸ் நெரிசலில் நகராமல் நிற்கும்போது பெரியப்பாவுக்குத் தண்டனை தேர்ந்தெடுப்பேன். வெயில் காலத்தில் டான்டலஸ். கோயில் திருவிழாவில் மாலையும் கழுத்துமாக அவரைப் பார்த்துவிட்டு வந்தால் கல்தான். அவருக்கு மூட்டு வலி என்று கேள்விப்பட்டபோது கல்லைக் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

ஆனால் முதல் தண்டனை கரைதான் என்று முடிவு செய்து வைத்திருந்தேன். அப்பா நின்ற இடத்தில் அவரும் காசில்லாமல் நிற்க வேண்டும். அது எப்படி நடக்கும் என்றுதான் தெரியவில்லை. வெள்ளி ரூபாயைப் பெட்டியில் வைத்திருப்பவருக்கு என்ன குறை?

இந்த மழைக்காலத்தில் பெரியப்பா இறந்தார். காலையிலேயே பெரியம்மா போன் பண்ணினாள். அழுகைக்கு நடுவில் விஷயம் வந்தது. வெள்ளி ரூபாயைக் காணவில்லை. மலேசியாவுக்குப் போகும்போது மகன் அதை விற்றுவிட்டானாம். அது அன்றைக்குத்தான் தெரிய வந்ததாம். யாங்கோனில் இப்போது காசை யார் கண்டார்கள்? எல்லாம் நோட்டு. நோட்டை மடித்து நெற்றியில் வைக்கப் பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை.

"உங்கப்பாவுக்கு வச்சது உங்கிட்டதானே இருக்கு? எடுத்துட்டு வாம்மா" என்றாள் பெரியம்மா. கேட்கக் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். பொய் சொல்வானேன். காசைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அமேயையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கொடுப்பதற்காக இல்லை. எல்லோரும் பார்க்க எடுத்துக் காட்டிவிட்டு, மறுபடி பைக்குள் போட்டு மூடுவதற்காக.

கரண்ட் இல்லை. கூடத்தில் பெரியப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி. பெரியம்மா என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். நான் காசை வெளியே எடுத்தேன். நில்லுங்கள் பெரியப்பா, கரையில் நின்று பாருங்கள் என்று மனசுக்குள் சொன்னேன்.

சொன்ன உடனே அந்தக் கரை கண்ணில் வந்தது. அங்கே அப்பா நின்றுகொண்டிருந்தார்.

இதை எத்தனையோ வருஷமாக நான் யோசிக்கவே இல்லை. இவரும் அங்கே போய்ச் சேர்ந்தால் அப்பாவுக்குப் பக்கத்தில்தான் நிற்பார். போன அன்றே கமிட்டி போட்டுவிடுவார். இங்கே நிற்காதே, அங்கே உட்காராதே, இது நம்ம வழக்கமில்ல. நூறு வருஷம்! அப்பாவை அந்த ஆளோடு ஒரே சேற்றில் விட்டுவைக்க என்னால் முடியாது. இவர் போகட்டும். அக்கரையில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். அவர்களிடம் கோயில் கமிட்டிப் பேச்சு எடுபடாது.

"தர்றேன். ஆனா நெத்தியில இல்ல, வாயில. அமேதான் வைக்கணும்" என்றேன்.

"அது நம்ம வழக்கமில்லம்மா" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர்.

"அப்ப வேற காசு தேடிக்குங்க."

கீழே பிணவண்டிக்காரன் ஹார்ன் அடித்தான். பூசாரி கூரையைப் பார்த்தார். பெரியம்மாதான் கடைசியில், "வாய்க்கரிசி போடறப்போ வச்சிடட்டும்" என்றாள்.

பெண்கள் அரிசி போட்டு முடித்ததும் அமே முன்னால் வந்தாள். காசைத் தண்ணீரில் கழுவி, புடவை கட்டிய அத்தனை பேரும் பார்க்க, தன் பர்மா லுங்கியில் துடைத்து, அவர் வாயில் வைத்தாள். மெதுவாக வைத்தாள். அந்த மெதுவுக்கு அவர் யோக்கியதை இல்லாதவர் என்று எனக்கு எரிச்சல் வந்தது. தாடைத் துணியை நான் வாங்கி இழுத்துக் கட்டினேன். இந்தத் தடவை யாரும் விரலை விட முடியாது.

"எல்லாத்தையும் மறந்துட்டியேம்மா, உனக்குப் பெரிய மனசு" என்று பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

படி இறங்கும்போது அமே கேட்டாள். "ஏன் குடுத்த, தமீ?" மகளை அவள் கூப்பிடும் சொல் அது.

கரையைப் பற்றிச் சொன்னேன். புத்தகம், படகுக்காரன், அக்கரை நீதிபதிகள், கல் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு மாடி கூடவே இறங்கினாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு வைக்கிறப்போ ரெண்டு வை. ஒன்னு உங்கப்பாவுக்கு. நான் கூட்டிட்டுப் போறேன்."

இப்போது நடைபாதைக் கடைகளில் பழைய காசு தேடிக்கொண்டிருக்கிறேன், இரண்டு வேண்டும். அவர்கள் படகு அக்கரை சேரும்போது பெரியப்பா கல்லைப் பாதி மலை வரை உருட்டியிருப்பார். அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போகட்டும்.