நைனாவுக்கு நான் மாற்றிப் படித்த முடிவு

எங்கள் நைனாவுக்கு உண்மை தெரிந்திருந்ததா? ஓராண்டு முடிந்தும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நைனா ஏரியோரப் பசியாவரத்தில் பிறந்தவர். எட்டாம் வகுப்பில் தம் தகப்பனாரை இழந்து படகேறியவர். என்னையும் தங்கையையும் கல்லூரிவரை படிக்கவைத்தார். ஏரியில் முறைவைத்து வலை விடுவதை நாங்கள் ‘பாடு’ என்போம். தம் பாடு இல்லாத நாள்களில் அவர் கையில் நாவல் இருக்கும். துப்பறியும் கதை, பேய்க்கதை, பழைய குடும்ப நாவல், எதையும் அவர் தாழ்வாக நினைத்ததில்லை. இருட்டில் கடலுக்குப் போகிறவர், பேய்க்கதையை மட்டும் அம்மா பக்கத்தில் இருந்தால்தான் திறப்பார்.

அவர் படித்த விதத்தை இன்றும் வியக்கிறேன். வீட்டைவிட்டுப் போன தம்பிக்காக ஓர் அக்கா காத்திருக்கும் பெரிய நாவல் ஒன்று அவருக்கு உயிர். அதில் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு படகுக்காரன் போவான். பிறகு அவனைப் பற்றிப் பேச்சே இல்லை.

“கரைக்கு வந்தானா இல்லியா, சொல்லவேல்ல பாரு. துப்பறியும் கதை எழுதறவன் ஆள இப்டி அம்போனு உடமாட்டான்” என்பார்.

“நீ போய் இட்டுனு வாயேன்” என்பார் அம்மா.

தடித்த புத்தகங்களை நான்காகப் பிரித்து, வலைநூலால் தைத்து, ஒரு பகுதியை மட்டும் படகுக்குக் கொண்டுபோவார். நனைந்தாலும் மற்றவை மிஞ்சும் அல்லவா. அப்படித்தான் அந்த நாவலின் கடைசிப் பகுதி, அவர் படிக்குமுன்பே, ஏரி கடலைச் சேரும் முகத்துவாரத்தில் அலையோடு போயிற்று. வேறு பிரதி வாங்கித் தருகிறேன் என்றேன். “ஏரி எடுத்துக்கினு போச்சு, உடும்மா. முடிவ மட்டும் யாரும் எங்கிட்ட சொல்லாதீங்க” என்றார்.

சென்ற ஆண்டு, பார்வை மங்கி மருத்துவமனையில் படுத்திருந்தபோது அவரே கேட்டார்: “அந்தத் தம்பிக்காரன் இன்னா ஆனான்?”

நூலகத்திலிருந்து எடுத்துவந்து, என் ஆறு மாதக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மூன்று நாள் அவருக்குப் படித்துக் காட்டினேன். கடைசி அத்தியாயத்தில் தம்பி வழியிலேயே இறந்துவிடுகிறான். அந்தக் கட்டிலருகே அதைப் படிக்க எனக்கு வாய் வரவில்லை. அவன் வாசலில் வந்து நின்றதாகவும் அக்கா சோறு போட்டதாகவும், பக்கத்தைப் பார்த்தபடியே நானாகச் சொன்னேன்.

நைனா, “இன்னா கொழம்பு ஊத்தினா?” என்றார்.

“எறா கொழம்பு நைனா.”

அவர் சிரித்தார். “சரி, நல்லா துன்னட்டும்.”

கதையில் அந்தக் குடும்பம் மீன், இறால், இறைச்சி தொடாது என்று முதல் அத்தியாயத்திலேயே இருப்பது, வீட்டுக்கு வந்த பிறகே எனக்கு நினைவு வந்தது. ஒரு படகுக்காரனையே மறக்காதவர் அதை மறந்திருப்பாரா? தம்பி வந்துவிட்ட மகிழ்ச்சியில்தான் சிரித்தாரா? மறுவாரம் அவர் காலமானார்.

தங்கள் பாட்டை விட்டுவிட்டு மருத்துவமனையில் காத்திருந்த பங்காளிகளுக்கும், மற்ற நேரமெல்லாம் என் குழந்தையைப் பார்த்துக்கொண்ட சித்திக்கும் எங்கள் நன்றி என்றும் உண்டு.

இன்றைய ஆண்டு நினைவுப் படையலில் எறா குழம்புக்குப் பக்கத்தில் அந்த நாவலையும் வைத்திருக்கிறோம். உண்மையான முடிவை அவர் படத்தின்முன் படித்துவிடு என்கிறாள் தங்கை. “அதான் வந்து துன்னுட்டானே, உடு” என்கிறார் அம்மா. நைனாவோடு படகேறியவர்களே, கதை பேசியவர்களே, நான் படிக்கட்டுமா, வேண்டாமா? இலை எடுப்பதற்குள் யாராவது சொல்லுங்கள்.