ஒத்துழைக்கவில்லை என்று எழுதினேன்

ஊசியோடு நான் குனிந்தபோது ஏழுமலை ஐயா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வேணாம்மா. இன்னையோட நிறுத்திக்கலாம்."

திருவண்ணாமலையில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் அப்போது எனக்குப் பதினாறாவது வருடம். ஐயாவுக்கு எழுபத்தொரு வயது. கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற விவசாயி. இரண்டு கிட்னியும் போய், மூன்று வருடமாக வாரம் மூன்று நாள் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். மெஷினில் நான்கு மணி நேரம். பாதியில் பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டு இழுக்கும். மறுநாள் முழுக்கப் படுக்கை. அதற்கடுத்த நாள் மறுபடி மெஷின்.

வழக்கமாகச் சொல்வதை அவரிடமும் சொன்னேன்.

"அப்படியெல்லாம் பேசக் கூடாதுங்க ஐயா. பேரப் பிள்ளைங்கள பாக்கணும் இல்ல?"

"பாத்துட்டேன். இத நிறுத்தினா எத்தினி நாள் தாங்கும்?"

"ஒரு வாரம், பத்து நாள்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அது போதும். அத வூட்டுல இருந்துக்கறேன். கோவத்துல சொல்லலம்மா. ரெண்டு மாசமா யோசிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பேஷன்ட் எது சொன்னாலும் அட்டெண்டரிடம்தான் கேட்போம். அட்டெண்டர் என்றால் கூட வருகிற சொந்தக்காரர். கையெழுத்தும் அவருடையதுதான். நல்லது கெட்டது பேச வேண்டுமென்றால் டாக்டர் மகனைக் கதவுக்கு வெளியே கூட்டிப்போய்ப் பேசுவார். உள்ளே படுத்திருப்பவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் மகன் சேகரைத்தான் கூப்பிட்டேன். வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். அப்பாவைக் கூட்டிவரும் நாளெல்லாம் பர்மிஷன் போட்டுவிட்டு வருபவர். கெட்ட பிள்ளை இல்லை.

"அவருக்கு இன்னா சிஸ்டர் தெரியும்? நிறுத்திட்டா, புள்ளயே அப்பன கொன்னுட்டான்னு ஊருல பேசுவாங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க குத்துங்க."

டாக்டரிடம் போனேன். "பையன் வேணும்னு சொல்றார் இல்ல, அப்புறம் என்ன? டிப்ரஷனா இருக்கும். போடுங்க சிஸ்டர்" என்றார். டிப்ரஷன்தானா என்று பார்க்க மனநல டாக்டரை யாரும் கூப்பிடவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

சேகர் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் கையைப் பலகையில் வைத்து ரோலர் பேண்டேஜால் கட்டிவிட்டுக் குத்தினேன். ஐயா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சார்ட்டில் "பேஷன்ட் நாட் கோஆபரேட்டிவ்" என்று எழுதினேன். ஒத்துழைக்கவில்லை என்று அர்த்தம். எங்களுக்குப் பிடிக்காத எதையும் எழுத எங்களிடம் இருந்த வார்த்தை அது.

அடுத்த இரண்டு மாதத்தில் இன்னும் நான்கு முறை கேட்டார். நான்கு முறையும் அதையே எழுதினேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். வந்ததும் அவரே கையை நீட்டிவிடுவார். "ஐயா இப்பல்லாம் நல்லா ஒத்துழைக்கிறாரு" என்று சேகரிடம் பாராட்டிச் சொன்னேன். என் வாயில் மண் விழ.

மழைக்காலத்தில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. பேச்சு போனது, நினைவும் போனது. ஐ.சி.யு.வில் வென்டிலேட்டர் போட்டார்கள். மெஷினை அங்கேயே தள்ளிக்கொண்டு போய் டயாலிசிஸ் செய்தோம். பன்னிரண்டாம் நாள் சேகர் டாக்டரிடம் வந்து, "போதும் சார். பாக்க முடியல. நிறுத்திடலாம்" என்றார்.

அதற்குச் சட்டப்படி வழி இருக்கிறது. டாக்டர்கள் குழு பார்த்துச் சம்மதிக்க வேண்டும். அந்தக் குழுவுக்கு வெளியிலிருந்து வந்த பெரிய டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "நினைவோட இருந்தப்போ பேஷன்ட் என்ன சொன்னார்?"

"அப்பாவே வேணாம்னுதான் சார் சொல்லினு இருந்தாரு. அஞ்சு தடவ சொன்னாரு" என்றார் சேகர். கையெழுத்துப் போட மாட்டேன் என்ற அதே சேகர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

பெரிய டாக்டர் ஃபைலைப் புரட்டினார். "அப்படி எங்கயும் இல்லயே. அஞ்சு இடத்துல நாட் கோஆபரேட்டிவ்னு இருக்கு. யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"வலியில கைய இழுத்தாரா, இல்ல நிறுத்தச் சொன்னாரா?"

"நிறுத்தச் சொன்னாருங்க சார். யோசிச்சுத்தான் சொல்றேன்னாரு."

"அத எழுதாம ஏன் சிஸ்டர் இத எழுதினீங்க?"

எழுத்தில் இல்லாததால் குழு தயங்கியது. வீட்டில் எல்லோரும் தனித்தனியாக எழுதிக் கொடுக்கட்டும் என்றார்கள். அதில் இன்னும் எட்டு நாள் போனது. அந்த எட்டு நாளில் மூன்று முறை டயாலிசிஸ். மூன்றையும் நானே போட்டேன். பிறகு வென்டிலேட்டரையும் டயாலிசிஸையும் நிறுத்தினார்கள். அன்று மாலையே போய்விட்டார்.

ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி என்னைப் பார்த்து, "எங்கிட்டயும் தெனம் சொல்லினு இருந்தாரு. அப்பவே என்ன யாரும் கேக்கலியே" என்றார். வீட்டில் பத்து நாள் கேட்ட மனுஷருக்கு ஐ.சி.யு.வில் இருபது நாள் கொடுத்து அனுப்பினோம்.

புதிதாக வரும் சிஸ்டர்களுக்குச் சொல்கிறேன். பேஷன்ட் சொன்னதை, அவர் சொன்ன வார்த்தையிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதுங்கள். மனசு சரியில்லையோ என்று சந்தேகம் வந்தால் அதற்குரிய டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். டாக்டர் முறைப்பார், சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். எழுதுங்கள்.

ஓய்வு பெறும் வரை நான் அப்படித்தான் எழுதினேன். நல்ல பழக்கம் என்று என்னை மேடையில் ஏற்றிக்கூடப் பாராட்டினார்கள். ஒரு மனுஷரைக் கட்டிப்போட்டுக் குத்திக் கற்றுக்கொண்டது என்று அங்கே நான் சொல்லவில்லை.