அண்ணை கேட்ட கேள்வி

கனடாவில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியிலுள்ள ஒரு மருத்துவமனையில் நோயாளர்களைப் பராமரிப்பது என் வேலை. லண்டனில் இருந்த அண்ணைக்குப் புற்றுநோய் முற்றியிருந்த நாட்களில், ஒரு மத்தியானம் தொலைபேசியில் கேட்டார்.

“தங்கச்சி, தீராத வருத்தக்காரர் டொக்டரின்ர உதவியோட சாகலாமோ எண்டு இஞ்ச பாராளுமன்றத்தில வாதாடுகினம். உங்கட நாட்டில அது சட்டம்தானே. நீ ஆரையும் பாத்தனியோ?”

“ஓம் அண்ணை. போன மாசம் ஒரு ரீச்சர். அண்டு காலமை நான்தான் தலைவாரி விட்டனான்.”

“பயந்தவவோ?”

“அவ பயப்பிடேல்லை. மகன்தான் அழுதுகொண்டிருந்தவர்.”

அண்ணை, “சட்டம் வந்தாலும் நான் கேக்கமாட்டன். தனியக் கிடந்து சாகத்தான் பயமாக் கிடக்கு” என்றார்.

அவர் அரசியல் கதைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. விடுப்பு எடுத்துக்கொண்டு அந்தக் கிழமையே லண்டனுக்குப் போனேன். அண்ணைக்குக் கஞ்சி பருக்கினேன். தொலைக்காட்சியில் அந்த வாதங்களைச் சேர்ந்தே பார்த்தோம். இரண்டு பக்கத்தாரையும் பார்த்து, “பாவங்கள், நல்லதை நினைச்சுத்தான் கதைக்கினம்” என்பார். விவாதம் முடியுமுன்னே, ஒரு ஞாயிறு காலையில், நான் பக்கத்தில் இருக்கும்போதே அண்ணை போய்விட்டார்.