பாப்பம்மாளின் நிரை

பாப்பம்மாளுக்குக் கண் முழுதாகப் போய்விடவில்லை. நடுவில் மட்டும் புகைமூட்டம், ஓரத்தில் தெரியும். ஆளைப் பார்க்க முகத்தைத் திருப்பிக்கொள்வாள். புதிதாகக் கங்காணியான அப்பளசாமி அதைத் திமிர் என்று நினைத்தார்.

புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டம். மழை மாதங்களில் அவளுக்குத் துணையே வேண்டாம். ரப்பர் மர நிழலில் கண் கூசாது. பாதையில் தேங்கிய தண்ணீர் வெளுப்பாக வழி காட்டும். தை, மாசியில்தான் வம்பு. இலை உதிர்ந்து வெயில் நேரே இறங்கும். பாதையும் பள்ளமும் சருகுக்கடியில் ஒன்றாகிவிடும்.

ஜப்பான்காரன் வந்து மூன்றாவது இலையுதிர்வு. புருஷன் இருளப்பனைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப் போயிருந்தார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள். பால்வெட்டு நின்று எல்லோருக்கும் மரவள்ளிக் காட்டில் வேலை. வேலைக்கு வந்தவர்களுக்குத்தான் அரிசி.

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் அப்பளசாமி அவள் பெயரைத் தாண்டினார்.

"எம் பேரு எங்க, கங்காணி?"

"நேத்து கான் பள்ளத்துல விழுந்து கெடந்தியே! ஒன்னைக் கைப்பிடிச்சுக் கூட்டியார இன்னொரு ஆளு. ஒரு படி அரிசிக்கு ரெண்டு ஆளா?"

"யார் கையும் வேணாம். மத்தியான மணிக்குள்ள தனியா காட்டுல வந்து நிக்கிறேன். பேரு இருக்கணும்."

"வரலைன்னா?"

"வந்த பொறவு கேளுங்க."

பக்கத்து வீட்டு ராக்காயி கிசுகிசுத்தாள். "அக்கா, நான் இருமிக்கிட்டே முன்னால போறேன். சத்தத்தப் பிடிச்சு வந்துரு."

"இருமினா சீக்காளின்னு ஒம் பேரையும் அடிச்சுருவாரு. போடி."

பாதையை விட்டுவிட்டு, பதினோரு வருஷம் தான் பால் வெட்டிய நிரைக்குள் நுழைந்தாள். கண் மங்கியதும் அவளைப் புல்வெட்டுக்கு மாற்றி ஐந்து வருஷமாகிறது. அந்த நிரையில் மரத்துப் பட்டையில் வெட்டு எப்போதும் மலைப்பக்கம்தான். மரவள்ளிக் காடும் அங்கேதான். முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டு, மரம் மரமாகத் தடவி, வெட்டு இருந்த பக்கமே நடந்தாள்.

நாற்பது மரம் தாண்டியதும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஆறு! மலைக்கு நேர் எதிர்த் திசை.

ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துச் சுற்றிலும் தடவினாள். பின்பக்கம் பட்டை மூடி, முடிச்சு முடிச்சாக இருந்தது. கண் மங்கத் தொடங்கியபோது அவள் கத்தி ஆழ இறங்கிய காயங்கள். அந்தப் பட்டை தீர்ந்து, பிறகு வந்தவர்கள் மறுபக்கம் வெட்டைத் திறந்திருக்கிறார்கள்.

"எனக்குத் தெரியாதா இது!" என்று தன்னையே திட்டிக்கொண்டு, முடிச்சுகள் இருந்த பக்கம் திரும்பி நடந்தாள்.

காட்டு விளிம்பை எட்டுமுன் மணி அடித்துவிட்டது.

"மணியாச்சு" என்றார் அப்பளசாமி.

"கேட்டுச்சு. காது நல்லாருக்கு."

யாரோ சிரித்தார்கள்.

"கெழங்க எப்படிப் புடுங்குவ?"

"மண்ணுக்குள்ள கெடக்குறது ஒங்க கண்ணுக்கு மட்டும் தெரியுதாக்கும்?"

பொழுது சாயும்வரை பிடுங்கினாள். சாயங்காலம் அரிசி அளக்கும்போதும் அப்பளசாமி அவள் பெயரைக் கூப்பிடவில்லை. பாப்பம்மாள் தகரத்தை நீட்டியபடி வரிசையில் நின்றாள். பின்னால் ராக்காயி. பாப்பம்மாளைத் தாண்டி வரும்படி ராக்காயியிடம் சொன்னார். ராக்காயி இடத்தைவிட்டு அசையவில்லை. அவளுக்குப் பின்னாலும் யாரும் நகரவில்லை.

"பாப்பம்மா" என்றார் அவர் கடைசியில், வாய்க்குள்ளேயே.

"இருக்கேன்."

அரிசி விழுந்தது. பாதி நொய்.

"மணிக்குள்ள வரலைல்ல? நாளைக்கு என்ன பண்ணுவ?"

"நாளைக்கும் தனியாத்தான். வழி தெரிஞ்சுபோச்சு, வெள்ளன வந்துருவேன்."