கன்றுக்குட்டியின் பொருக்கு

மாதனூர் பக்கத்து ஊர் ஒன்றில், மாட்டுத் தரகரை மூக்கணாங்கயிற்றால் மின்கம்பத்தில் கட்டி, அவருடைய சாட்டையாலேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கால்நடை மருத்துவர். தோல் கழலை நோயில் அங்கே மாடுகள் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்ததால் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். ஷூ கம்பெனி பஸ் அந்த வழியாகத்தான் போனது. ஜன்னலோரப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பஸ் நிற்கவில்லை.

"இவன் ஓட்டியாந்த பசுதான் மேடம் ஊரையே அழிச்சிடுச்சி," என்றார் சாட்டை வைத்திருந்தவர். சொல்லிக்கொண்டே முகத்தில் வீசினார். தரகரின் இடது கண்ணிலிருந்து ரத்தம் கொட்டியது. கத்திக்கொண்டு குறுக்கே பாய்ந்தேன். என் தோளிலும் ஒன்று விழுந்தது. டாக்டரம்மா மேல் பட்டுவிட்டதே என்றுதான் நிறுத்தினார்கள், அந்த மனுஷனுக்காக இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சாட்டையைப் பிடுங்கி அத்தனை பேரையும் விளாசியிருப்பேன்.

கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் தரகரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊர் ஊரா போனாதான் எங்களுக்குச் சோறு. இப்ப எந்த ஊர்லயும் உள்ள வுட மாட்டேன்றாங்க. இவரு கொண்டாரலன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கம்மா."

ஒவ்வொரு மாட்டின் புண் மேல் படிந்த பொருக்கிலிருந்தும் வைரஸின் மரபணுவைப் பிரித்தெடுத்து, எழுத்தெழுத்தாகப் படித்து ஒப்பிட்டோம். செத்த மாடுகளில் இருந்தது எல்லாம் ஒரே வகை. தரகரின் பசுவில் இருந்தது வேறு. செத்தவற்றோடு அப்படியே பொருந்தியது, தரகரின் கண்ணில் அடித்த அந்தச் சாட்டைக்காரர் வீட்டுக் கன்றுக்குட்டியின் காய்ந்த பொருக்கு. தரகர் ஊருக்குள் வருவதற்கு முன்பே அதற்கு நோய் வந்து ஆறியிருந்தது. ஆத்தா வந்திருக்கும்போது ஊசி போடக்கூடாது, வெளியே சொல்லக்கூடாது என்று வேப்பிலை கட்டிக் கொட்டகைக்குள்ளேயே வைத்திருந்தார்களாம். மாதிரி எடுத்தபோது சாட்டைக்காரரின் மனைவியே என்னிடம் சொன்னது.

தரகரைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். கோயில் முன்னால் கூடியவர்களிடம், நோய் அவர் பசுவிலிருந்து வரவில்லை என்று விளக்கினேன்.

"அப்போ யாரு வூட்லேர்ந்து வந்துச்சி? பேரச் சொல்லுங்க மேடம்," என்றார் ஒருவர். இரண்டு மூன்று பேர் எழுந்துவிட்டார்கள். ஒருவர் கையில் மூங்கில் கழி.

சாட்டைக்காரர் கூட்டத்தின் பின்னால் முகம் வெளுத்து நின்றார். அவர் பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. எனக்குத் தோள் இன்னும் வலித்தது. சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது.

"ஈ கடிச்சிப் பரவுற நோய்ங்க இது. ஆளத் தேடாதீங்க," என்றேன்.

முணுமுணுத்தார்கள். கடைசியில் ஊர்ப் பெரியவர் ஒருவர், "சரி, அந்தாளு வந்து போவட்டும்," என்றார்.

பஸ் நிறுத்தத்தில் தரகர் என் பக்கம் திரும்பினார். ஒற்றைக் கண்ணால் பார்க்க முகம் முழுவதையும் திருப்ப வேண்டியிருந்தது. நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"யாரு வூட்டு மாடுன்னு உங்களுக்குத் தெரியும்," என்றார். "எங்கிட்ட மட்டும் சொல்லுங்கம்மா."

அவர் கையில் புதுச் சாட்டை இருந்தது.