ஓட்டையில்லாத ட்யூபுக்கு ஒட்டு

அப்பாவின் பைக் பஞ்சராகாத வாரம் என்று ஒன்று எங்கள் வீட்டில் கிடையாது. துறைமுகச் சாலையில் லாரிகள் உதிர்த்துவிட்டுப் போகும் ஆணி, அது தப்பினால் உப்பளத்து ஓரத்து உடைமுள். எல்லாம் நம் பின்சக்கரத்துக்காகவே காத்துக் கிடக்கின்றன என்று அம்மா சலித்துக்கொள்வாள்.

அப்பாவுக்குக் காலை ஆறு மணிக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலிலிருந்து சரக்கு இறங்குவதை வெயிலில் நின்று மேற்பார்வையிட வேண்டும். மூன்று மணிக்கு அது முடிந்ததும், ஐந்தாம் வகுப்பு படித்த என்னைப் பள்ளியிலிருந்து ஏற்றிக்கொண்டு, நான்கு மணிக்கு மில்லர்புரத்தில் மாமாவின் ஹார்டுவேர் கடைக்கு வந்துவிட வேண்டும். அங்கேயும் நிற்கிற வேலைதான். மாமா அம்மாவுக்கு அண்ணன். சம்பளத்தையே ஏதோ தர்மம் செய்வதுபோலத்தான் கொடுப்பார்.

பள்ளியிலிருந்து கொஞ்ச தூரம் வந்ததும், "காத்து இறங்குத மாதிரி இருக்குளா" என்பார் அப்பா. வண்டி பஞ்சர் கடையில் போய் நிற்கும்.

"டயரு மொட்டையாயிட்டு அண்ணாச்சி. எத்தன ஒட்டுதான் போட? புதுசா மாத்திருங்க" என்பார் கடைக்கார அண்ணன்.

"இன்னும் ஓடும் தம்பி. சூட்டு ஒட்டாவே போடு. அதுதான் நிக்கும்."

பசை தடவி ஒட்டினால் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். சூட்டு ஒட்டு அப்படியில்லை. ட்யூபை இரும்புப் பிடியில் இறுக்கி, சூடேற்றி, ஆறவிட்டு எடுக்க முக்கால் மணி நேரமாகும். அதற்குள் அப்பா கடைப் பலகையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, வாயைப் பிளந்து தூங்கிப்போவார். ஆட்டோவில் போகும் என் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும். அப்பாவுக்குப் பதிலாக நானாவது வேலையைக் கவனிப்போம் என்று பக்கத்திலேயே நிற்பேன்.

ஒருநாள் கடைக்கார அண்ணன் ட்யூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிச் சுற்றினார். குமிழி வரவில்லை. இன்னொரு முறை சுற்றினார். அப்போதும் வரவில்லை. திரும்பி அப்பாவைப் பார்த்தார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல ட்யூபை எடுத்து இரும்புப் பிடியில் மாட்டினார்.

"ஓட்டையே இல்லையேண்ணே?" என்றேன்.

"சத்தம் போடாதளா" என்றார் அவர், மெதுவாக.

திருடன் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான் என்று எனக்குக் குஷி தாங்கவில்லை. கடைக்குப் போன கையோடு மாமாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"ஒம்மள ஒருத்தன் நல்லா ஏமாத்துதான் மாப்பிள்ள. நீரு அங்கன தூங்கிக்கிட்டு இருக்கீரு!" என்று மாமா கடையே கேட்கும்படி சிரித்தார். அன்று சாயங்காலமே ஆளை வரவழைத்து, டயரும் ட்யூபும் புதிதாக மாட்டித் தந்துவிட்டார். "இனி நாலு மணிக்கு டாண்ணு வந்திரலாம்லா?"

"வந்திரலாம் மச்சான்" என்றார் அப்பா.

அவர் என்னைத் திட்டவில்லை. "அந்தத் தம்பிய நீ ஏதும் வையலியே?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அந்தக் கேள்வி எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஏமாற்றியவன்மேல் இவருக்கு என்ன இவ்வளவு கரிசனம்?

இப்போது நானும் நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற ஒரு வேலையில்தான் இருக்கிறேன். சாயங்காலமானால் பாதம் இரண்டும் எரியும். அப்பாவிடம் அந்தப் பஞ்சர் கடையைப் பற்றிப் பேச வேண்டும் என்று பலமுறை நினைத்ததுண்டு. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

புது டயர் மாட்டிய மறுநாள் பள்ளி விட்டு வரும்போது, பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் அப்பாவின் வண்டி தானாகவே மெதுவானது. கடைக்கார அண்ணன் எழுந்து வந்தார். புது டயரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"நிக்காதீங்கப்பா, போங்க!" என்று பின்னாலிருந்து அப்பாவின் முதுகில் தட்டினேன்.

நான்கு மணிக்கு முன்பே கடைக்கு வந்துவிட்டோம். மாமா கடிகாரத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, கெட்டிக்காரி என்றார். அப்பா சட்டையை உதறிவிட்டுக் கம்பிக்கட்டுகளுக்கு நடுவே போய் நின்றார். ஒன்பது மணிவரை அவர் அங்கே நிற்பார் என்று எனக்குத் தெரியும். நாள் முழுக்க அவருக்கு உட்காரக் கிடைத்த ஒரே இடத்தை நான்தான் பிடுங்கிவிட்டேன் என்பது அப்போது தெரியாது.