குடும்பத் தலைவர் போட்ட கையெழுத்து

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவில் குடியேற மனுப் போட்டவள் நான். என் கணவர் அல்ல. நர்ஸ் படிப்பும் பதினொரு வருட ஆஸ்பத்திரி வேலையும் என்னுடையவை. அவர் என்னைச் சார்ந்து வருபவர். மனுவிலேயே அப்படித்தான் இருந்தது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஆபீஸ் வைத்திருந்த கன்சல்டன்ட்டுக்கு மட்டும் இது கடைசிவரை புரியவில்லை.

கேள்வி கேட்பது நானாக இருக்கும். பதில் கணவருக்குப் போகும். "மேடம் ஃபைல் நல்லா மூவ் ஆகுது சார்." ஃபைலைக் கட்டுகிற டேக் நூலுக்கு இருந்த மதிப்புகூட அங்கே எனக்கு இல்லை.

எங்கள் சார்பில் கன்சல்டன்ட் தூதரகத்தோடு பேசவும் கடிதங்களை வாங்கவும் ஒரு நியமனப் படிவம் அனுப்ப வேண்டியிருந்தது. அன்று எனக்கு டியூட்டி. கன்சல்டன்ட் என் கணவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார். ரேஷன் கார்டில் யார் குடும்பத் தலைவரோ அவர் போட்டால் வீடே போட்ட மாதிரி. கேஸ் கனெக்‌ஷன், ஸ்கூல் அட்மிஷன் எல்லாம் எங்கள் பக்கம் அப்படித்தான் நடந்தன. கணவரும் யோசிக்காமல் போட்டிருக்கிறார்.

படிவம் திரும்பி வந்தது. நியமனம் செல்லாததால் தூதரகத்தின் கடிதம் கன்சல்டன்ட்டுக்குப் போகாமல் நேராக என் பெயருக்கே வந்தது. யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வாசலில் நின்று பிரித்தேன். பிரதிநிதியை நியமிக்க வேண்டியவர் மனுதாரர்தான். அவர் கையெழுத்திட்டு அனுப்பட்டும், அல்லது பிரதிநிதி வேண்டாம் என்று எழுதட்டும். அறுபது நாளில் பதில் வராவிட்டால் கோப்பு மூடப்படும்.  படித்ததும் கோபம் வந்தது. பதினொரு வருட உழைப்பை என்னைக் கேட்காமலே இரண்டு பேரும் சேர்ந்து மூட வைக்க இருந்தார்கள்.

மறுநாளே இருவரும் போனோம். கன்சல்டன்ட் புதுப் படிவத்தை நீட்டினார். "சின்ன மிஸ்டேக்தாம்மா. பென்சில்ல இன்டு போட்டிருக்கேன் பாருங்க, அங்க ஒரு சைன்."

"படிச்சுட்டுப் போடறேன்."

"சும்மா ஃபார்மாலிட்டிம்மா. சாருக்கு எல்லாம் தெரியும்."

"சாருக்குத் தெரியும்னு அனுப்பினதுதானே திரும்பி வந்திருக்கு?"

கணவர் என் பக்கம் சாய்ந்து, "வம்பு பண்ணாதே. அவர் கைவிட்டுட்டா பேஜாராயிடும்" என்றார்.

நான் படித்தேன். ஒவ்வொரு வரியாக, விரல் வைத்து. கடிதங்கள் இனி பிரதிநிதிக்கே போகும் என்றிருந்தது. இந்த நியமனத்தை மனுதாரர் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்றும் கீழே இருந்தது. அந்த வரியை மட்டும் சத்தமாகப் படித்தேன். படிவத்தை மேஜையில் வைத்துவிட்டு கன்சல்டன்ட் பக்கம் திரும்பினேன்.

"எந்த லெட்டர் வந்தாலும் அந்த வாரமே ஜெராக்ஸ் என் கைக்கு வரணும். எங்கிட்டப் பேசணும். இஷ்டம் இல்லேன்னா சொல்லிடுங்க, பிரதிநிதி வேணாம்னு இப்பவே எழுதிடறேன்."

அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "சரி மேடம்" என்றார். மேஜையிலிருந்த ரப்பரை எடுத்து அவர் போட்ட பென்சில் குறியை அழித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

கோப்பு மூடப்படவில்லை. ஜெராக்ஸ்களும் தவறாமல் வந்தன. மனு முடியும் கட்டத்தில், சார்ந்து வருபவர் கையெழுத்திட வேண்டிய ஒரு தாள் பாக்கி இருந்தது. கணவர் வேலையாக வெளியூர் போயிருந்தார். மறுநாள் வந்துவிடுவார்.

கன்சல்டன்ட் என்னிடம் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "சாருக்காக எதுக்கு மேடம் வெயிட் பண்ணணும்? அவருக்கும் சேர்த்து நீங்களே போட்டுடுங்க."

இத்தனை சண்டைக்குப் பிறகு அவர் கற்றுக்கொண்டது குடும்பத் தலைவரை மாற்றுவது மட்டும்தான்.

"அவருக்குப் படிக்கத் தெரியும் சார்" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். "நாளைக்கு வருவார். படிச்சுட்டுப் போடுவார்."